யோபுவின் அருகில் ஏழு நாட்கள்

"நான் யாருக்கு என்ன தீங்கு செய்தேன், டாக்டர்? எனக்கு ஏன் இது வந்தது?"

புற்றுநோய்ப் பிரிவின் புறநோயாளர் அறையில் இந்தக் கேள்வியைக் கேளாமல் எனக்கு ஒரு வாரமும் கழிவதில்லை. நோயின் பெயரைச் சொன்னதும் சிலர் செலவைப் பற்றிக் கேட்பர். சிலர் எத்தனை மாதம் என்பர். பலர் நெடுநேரம் மேசையையே பார்த்திருந்துவிட்டு, விடைபெற்றுச் செல்கையில் கதவருகே நின்று இதைக் கேட்பர். நோய் வரலாறு எழுதும் படிவத்தில் இக்கேள்விக்கென்று ஓர் இடம் இல்லை. ஆயினும் சிகிச்சை நடப்பதும் நின்றுபோவதும் சில வேளைகளில் இதற்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்தே அமைகின்றன என்பதை ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரிடமிருந்து நான் கற்றேன். அவருடைய இசைவைப் பெற்று, அடையாளம் தெரியாதவாறு சிலவற்றை மாற்றி இதனை எழுதுகிறேன்.

அவருக்குக் கழுத்தில் தோன்றிய கட்டி நிணநீர்ப் புற்றுநோய் எனத் திசுப் பரிசோதனையில் உறுதியாயிற்று. நன்றாகக் குணப்படுத்த வாய்ப்புள்ள வகை. 21 நாட்களுக்கு ஒரு முறையாக ஆறு முறை கீமோதெரபி தருவதென முடிவு செய்தோம். அன்று அவரும் கதவருகே நின்று கேட்டார். நான் அவரை மீண்டும் அமரச் செய்து, தாளில் படம் வரைந்து விளக்கினேன். நம் உடலில் நாள்தோறும் கோடிக்கணக்கான உயிரணுக்கள் பிரிகின்றன; மரபணுவைப் படியெடுக்கும்போது பிழைகள் நேர்கின்றன; பெரும்பாலான பிழைகளை உடலே திருத்திக்கொள்கிறது; திருத்தப்படாத சில பிழைகள் சேரும்போது கட்டுப்பாடற்ற வளர்ச்சி தொடங்குகிறது. பத்து நிமிடங்கள் பேசியிருப்பேன். அவர் தலையசைத்தார். நல்ல விளக்கம் என்று நானே மகிழ்ந்துகொண்டேன்.

இரண்டாம் சுற்றுக்குப் பின் அவர் வரவில்லை. ஆறு வாரங்கள் கழித்து, சுருங்கியிருந்த கட்டி மீண்டும் பெருத்த நிலையில் மனைவியுடன் வந்தார். இடையில் வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர் குலதெய்வத்துக்குச் செய்ய வேண்டியது விடுபட்டிருக்கும் என்றாராம். மற்றொருவர், தம்பியுடன் நடந்த பாகப்பிரிவினையில் யாருடைய மனமோ நொந்திருக்கும் என்றாராம். இவற்றை அவர் ஒருவாறு தாங்கியிருப்பார். ஆனால் மருத்துவரான நானும் படம் வரைந்து சொல்லிய சொல் 'பிழை' என்பதாக இருந்தது. வாழ்நாளெல்லாம் தமிழ் கற்பித்தவருக்கு அச்சொல் எழுத்துப் பிழையை மட்டும் குறிக்கவில்லை. இறைவனிடம் பொறுத்தருள வேண்டுவதும் பிழையைத்தானே. "தண்டனைக்கு மருந்து போடலாமா, டாக்டர்?" என்று அவர் மெல்லக் கேட்டபோது எனக்கு விடை எழவில்லை.

அன்றிரவு யோபு நூலை மீண்டும் எடுத்துப் படித்தேன். மாணவப் பருவத்தில் விடுதித் தோழர் ஒருவர் தந்த விவிலியம் அது. நான் சமய அறிஞன் அல்லன். மருத்துவன் என்ற முறையில் படித்ததையே இங்கு எழுதுகிறேன். எச்சமயத்தைச் சார்ந்தவரும், சமயம் எதையும் சாராதவரும் படிக்கத்தக்க பகுதி இது.

விவிலியத்தின் பழைய ஏற்பாட்டில் நீதிமொழிகள், யோபு, பிரசங்கி ஆகிய மூன்று நூல்களை ஞான இலக்கியம் என்பர். கத்தோலிக்க விவிலியத்தில் சீராக்கின் ஞானம், சாலமோனின் ஞானம் ஆகிய இரண்டும் இவற்றோடு சேரும். இவை அரசர்களின் வரலாற்றையோ சட்டங்களையோ கூறுவன அல்ல. நாவை அடக்குவது, கடன் வாங்குவது, குடிப்பது, முதுமையடைவது, துன்பத்தைத் தாங்குவது என மனித வாழ்வின் அன்றாடத்தைப் பேசுவன. அக்காலத்து நாடுகளுக்கு இடையே இத்தகைய அறிவுரைகள் எல்லை கடந்து உலவின. எகிப்தைச் சேர்ந்த அமெனெமோப்பே என்பவரின் அறிவுரைச் சுவடி, நீதிமொழிகளின் 22 முதல் 24 வரையான அதிகாரங்களில் ஒரு பகுதியோடு நெருங்கி ஒத்திருப்பதை 1920களில் அறிஞர்கள் எடுத்துக்காட்டினர்.

நீதிமொழிகளைப் படிக்கையில் எனக்கு எங்கள் பொது சுகாதாரத் துறையினரின் நினைவே வரும். உழைப்பவன் உயர்வான், சோம்பேறி வறுமையடைவான், அளவோடு உண்பவன் நலமாயிருப்பான் என்ற போக்கில் அமைந்த நூல் அது. 23ஆம் அதிகாரத்தில் குடிகாரரைப் பற்றி ஒரு பகுதி உண்டு. கண் சிவந்திருப்பது, காரணம் தெரியாத காயங்கள், அடிபட்டும் வலி உணராமை, கடலின் நடுவே படுத்தாற்போன்ற தள்ளாட்டம் எனப் பலவற்றைச் சொல்லி, விழித்தவுடன் மீண்டும் அதையே தேடும் மனத்தோடு அப்பகுதி முடிகிறது. இன்று மது அடிமை நோயைக் கண்டறிய, காலையில் எழுந்ததும் குடிக்கத் தோன்றுகிறதா என்று நாங்கள் நோயாளியைக் கேட்கிறோம். இதை எழுதியவர் குடிகாரர்களை அருகிருந்து கவனித்தவர் என்பதில் எனக்கு ஐயமில்லை.

நோய் வருமுன் இந்நூலின் வழி சரியான வழி. புகைப்பவருக்கு நுரையீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு, புகைக்காதவரைக் காட்டிலும் பல மடங்கு அதிகம் என்று நாங்கள் சொல்வதும் இதே வகைப் பேச்சுதான். இது முன்னோக்கிச் சொல்லப்படும் உண்மை. பல்லாயிரம் பேரை ஒருசேரப் பார்த்துச் சொல்லப்படுவது. இதையே பின்னோக்கித் திருப்பும்போது பொய்யாகிவிடுகிறது. புகைப்பவருக்கு நோய் வரக்கூடும் என்பதிலிருந்து, நோய் வந்தவர் புகைத்திருப்பார் என்ற முடிவுக்கு வர இயலாது. புகைத்தவர் அனைவருக்கும் அந்நோய் வருவதில்லை. வாழ்நாளில் ஒருமுறையும் புகைக்காத பெண்கள் பலர் அதே நோயோடு என்னிடம் வந்திருக்கிறார்கள். தீமை செய்பவன் துன்புறுவான் என்பதைத் திருப்பி, துன்புறுகிறவன் தீமை செய்திருப்பான் என்பதும் இதே தவறு. யோபு நூல் முழுவதும் இந்தத் தவற்றைப் பற்றியது என்றே நான் படிக்கிறேன்.

கதையைப் பலர் அறிந்திருப்பீர்கள். ஊத்ஸ் நாட்டில் வாழ்ந்த யோபு நல்லவர் என்பதை நூல் தொடக்கத்திலேயே ஐயத்துக்கு இடமின்றிக் கூறிவிடுகிறது. செல்வம் போகிறது, ஏழு மகன்களும் மூன்று மகள்களும் ஒரே நாளில் மாள்கின்றனர், உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை கொடிய புண்கள் கிளம்புகின்றன. சாம்பலில் அமர்ந்து ஓட்டுத்துண்டால் உடலைச் சுரண்டிக்கொண்டிருக்கிறார். எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்ற மூன்று நண்பர்கள் தொலைவிலிருந்து பார்க்க வருகின்றனர். முதலில் அவரை அடையாளம் காணவே அவர்களால் இயலவில்லை. கதறி அழுது, ஆடையைக் கிழித்துக்கொண்டு, ஏழு பகலும் ஏழு இரவும் அவரோடு தரையில் அமர்ந்திருக்கிறார்கள். அவருடைய வேதனை மிகப் பெரிது எனக் கண்டு ஒருவரும் வாய் திறக்கவில்லை. நோயாளியைப் பார்க்க வருவோர் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு இதைவிடச் சிறந்த காட்சியை நான் படித்ததில்லை. இந்த ஏழு நாட்களோடு அவர்கள் ஊர் திரும்பியிருந்தால் உலகின் மிகச் சிறந்த நண்பர்களாகப் பெயர் பெற்றிருப்பர்.

ஏழு நாட்களுக்குப் பிறகு யோபு வாய் திறந்து, தான் பிறந்த நாளைச் சபிக்கிறார். அது கேள்வி அன்று, புலம்பல். நண்பர்களோ அதைக் கேள்வியாக எடுத்துக்கொண்டு விடை சொல்லத் தொடங்குகின்றனர். குற்றமற்றவன் எவனாவது அழிந்ததுண்டா என்று எலிப்பாஸ் நயமாகவே தொடங்குகிறார். உன் பிள்ளைகள் பாவம் செய்திருந்தால் அதன் பலனை அடைந்திருப்பர் என்கிறார் பில்தாத், பத்துப் பிள்ளைகளைப் பறிகொடுத்த தகப்பனிடம். உன் குற்றத்துக்கு இந்தத் தண்டனை குறைவு என்பது சோப்பாரின் கருத்து. யோபு ஒப்புக்கொள்ள மறுக்க மறுக்க, பேச்சு கடுமையாகிறது. 22ஆம் அதிகாரத்துக்கு வரும்போது, அடகு வாங்கி ஏழைகளை வதைத்தாய், தாகித்தவனுக்குத் தண்ணீர் தரவில்லை, விதவைகளை வெறுங்கையோடு விரட்டினாய் என எலிப்பாஸ் குற்றங்களைப் பட்டியலிடுகிறார். இவற்றுக்கு அவரிடம் ஒரு சான்றும் இல்லை. தம்முடைய கொள்கை தோற்கக் கூடாது என்பதற்காக நண்பனின் வாழ்க்கையைத் திருத்தி எழுதிவிட்டார். என் ஆசிரியரின் பாகப்பிரிவினையும் இவ்வாறு தோண்டி எடுக்கப்பட்டதுதான்.

13ஆம் அதிகாரத்தில் யோபு இம்மூவரையும் பயனற்ற மருத்துவர்கள் என்று ஏசுகிறார். பேசாதிருந்தால் அதுவே உங்களுக்கு ஞானமாகும் என்ற கருத்தையும் கூறுகிறார். மருத்துவர் என்ற சொல்லை அவர் தேர்ந்தெடுத்தது எனக்குச் சற்று வருத்தந்தான். ஆனால் தாளில் படம் வரைந்த அன்று நானும் அவ்வரிசையில் அமர்ந்துவிட்டேன் என்பதை மறுக்க இயலாது. ஆசிரியர் கதவருகே நின்று சொன்னதும் புலம்பலே. நான் அதற்கு விடை எழுதினேன்.

நோய்க்குறிப்பு என்ற வகையிலும் யோபுவின் பேச்சு வியப்பூட்டுகிறது. விடியும் வரை உறக்கமின்றிப் புரள்வது, இரவில் எலும்புகள் குடைவது, தோல் கறுத்து உரிவது, மூச்சின் நாற்றம் மனைவிக்கே அருவருப்பாவது எனத் தம் நிலையை அவர் ஒன்றுவிடாமல் சொல்கிறார். உடல்வலியோடு நிற்கவும் இல்லை. உறவினர் விலகினர், வேலையாட்கள் அழைத்தாலும் திரும்புவதில்லை, சிறுவர்களும் ஏளனம் செய்கின்றனர் என்கிறார். 1967இல் லண்டனில் புனித கிறிஸ்டோபர் நல்வாழ்வு இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் அம்மையார், நோயாளியின் வலி உடல், மனம், சமூகம், ஆன்மா ஆகிய நான்கும் பின்னியது என்றும், ஒன்றை மட்டும் தணித்தால் வலி முழுமையாகத் தணியாது என்றும் எங்களுக்குக் கற்பித்தார். யோபுவின் முறையீட்டில் அந்நான்கும் இருக்கின்றன. ஆகவே நோயாளி தம் வேதனையைச் சொல்லும்போது, அப்படியெல்லாம் பேசக்கூடாது என்று வாயை அடைத்துவிடாதீர்கள். எங்கே, எப்போது, எவ்வளவு வலிக்கிறது என்று அவர் சொன்னால்தான் நாங்கள் மருந்தின் அளவைச் சரிசெய்ய முடியும்.

உடனிருந்து பார்த்துக்கொள்வோருக்காக ஒரு சொல். யோபுவின் மனைவியை நெடுங்காலமாகப் பலர் பழித்து வந்திருக்கின்றனர். கடவுளைப் பழித்துவிட்டுச் செத்துப்போகலாமே என்று அவர் கணவனிடம் கூறியது உண்மை. ஆனால் இறந்த பத்துப் பிள்ளைகளும் அவர் பெற்றவை என்பதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. எபிரேய மூலம் அவருக்கு ஒரே ஒரு வாக்கியத்தைத் தருகிறது. பண்டைய கிரேக்க மொழிபெயர்ப்பிலோ அவர் சற்று விரிவாகப் பேசுகிறார்: பெற்ற வயிறு வீணாயிற்று என்றும், வீடு வீடாகக் கூலிவேலைக்கு அலைந்து பொழுது எப்போது சாயும் என்று காத்திருப்பதாகவும் புலம்புகிறார். மொழிபெயர்த்தவர்களுக்கு அந்த அம்மாளின் களைப்பு தெரிந்திருக்கிறது. நோயாளியின் கட்டிலருகே ஆறு மாதம் உறங்கியவர் ஒருநாள் சினத்தில் ஏதேனும் சொல்லிவிட்டால், அவரை நெஞ்சில் ஈரமற்றவர் என்று முடிவு கட்டாதீர்கள். இரண்டு இரவுகளுக்கு அவருக்கு மாற்றாக வந்து படுத்துக்கொள்ளுங்கள்.

யோபு குற்றமற்றவர், எல்லா நோயாளிகளும் அப்படியா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இருபது ஆண்டுகள் புகையிலை மென்று வாய்ப்புற்றுநோயோடு வருபவரிடம் புகையிலைக்குத் தொடர்பில்லை என்று நான் சொல்வதில்லை, அது பொய். ஆனால் அதை ஒருமுறை சொன்னால் போதும். அன்றே நிறுத்தினாலும் சிகிச்சை நன்கு பலனளிக்கவும் புண் ஆறவும் அது உதவும் என்பதையே திரும்பத் திரும்பச் சொல்கிறேன். "அப்பவே சொன்னேனே" என்று சாப்பாட்டு வேளைதோறும் இடித்துரைக்கும் குடும்பத்தில் நோயாளி மருத்துவமனைக்கு வருவதைத் தள்ளிப்போடுவார்; மறைவில் மீண்டும் மெல்லுவார். இதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

நோய் தண்டனை எனில் மருந்து தகுமா என்ற ஆசிரியரின் கேள்வி அக்காலத்திலும் எழுந்திருக்கிறது. நாளாகமம் என்னும் நூலில், கால்களில் நோய் கண்ட ஆசா அரசன் கடவுளைத் தேடாமல் மருத்துவர்களைத் தேடினான் என்று ஒரு குறை கூறப்படுகிறது. சிகிச்சையை மறுக்க விரும்புவோருக்கு அது வசதியான மேற்கோள். இதற்கு மறுமொழி போன்ற ஒரு பகுதி சீராக்கின் ஞானத்தில் 38ஆம் அதிகாரத்தில் உள்ளது. கி.மு. 180ஐ ஒட்டி எருசலேமில் பென் சீரா என்னும் ஆசிரியர் எழுதிய நூல் அது. அவருடைய பேரன் எகிப்தில் அதைக் கிரேக்கத்தில் பெயர்த்தார். மருத்துவரை மதிக்க வேண்டும், மருந்துகளை நிலத்திலிருந்து தோற்றுவித்தவர் கடவுளே, அறிவுள்ளவர் அவற்றைப் புறக்கணிக்கமாட்டார், நோயுற்றவர் இறைவேண்டல் செய்யட்டும், பின்பு மருத்துவருக்கும் இடம் தரட்டும் என்பன அதில் வரும் கருத்துகள். மருந்து கலப்பவரையும் அவர் மறவாமல் குறிப்பிடுகிறார். வேண்டுதலையும் மருந்தையும் அவர் எதிரெதிராக நிறுத்தவில்லை.

எனினும் பென் சீராவும் பழைய எண்ணத்தை முற்றும் உதறியவர் அல்லர். பாவம் செய்பவன் மருத்துவரின் கையில் சிக்குவானாக என்ற பொருள்பட அப்பகுதி கிரேக்கப் படியில் முடிகிறது. இதைச் சக மருத்துவர்களிடம் சொன்னபோது சிலர் சிரித்தனர். ஒருவர் நம் கட்டணத்தை நினைத்து எழுதியிருப்பார் என்றார். எபிரேயப் படியில் இவ்வரி வேறாக, மருத்துவரிடம் செருக்கோடு நடப்பவனைக் குறிப்பதாக அமைந்துள்ளது.

பிரசங்கி நூலைப் பற்றி இங்கு அதிகம் சொல்ல இடமில்லை. அதில் மாயை எனத் தமிழில் வழங்கும் எபிரேயச் சொல்லின் நேர்ப்பொருள் மூச்சு அல்லது ஆவி என்பதாகும். குளிர்ந்த காலையில் வாயிலிருந்து புகைபோல் எழுந்து மறையும் ஆவி. பொய்த் தோற்றம் என்பதைவிட, கையில் பிடிக்க முடியாதது என்ற பொருளே எனக்கு அதில் தெரிகிறது. அதன் கடைசி அதிகாரம் முதுமையை ஒரு பழைய வீடாக வருணிக்கிறது. நடுங்கும் காவலர்கள் கைகள் என்றும், எண்ணிக்கை குறைந்த மாவரைப்போர் பற்கள் என்றும், இருளும் சாளரங்கள் கண்கள் என்றும், பூக்கும் வாதுமை மரம் நரைத்த தலை என்றும் உரையாசிரியர்கள் பலர் விளக்குவர். தொண்ணூறு வயதுத் தாயைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் செயற்கைச் சுவாசக் கருவியில் வைக்கலாமா என்று பிள்ளைகள் தவிக்கும்போது நான் இந்த வீட்டை எண்ணிக்கொள்வேன். நிமோனியா போன்ற குணமாகக்கூடிய நோய்க்கு முதியவருக்கும் கருவி தேவைப்படலாம். வீடே இற்றுவிட்ட நிலையில் ஒரு சாளரத்தை மட்டும் பழுதுபார்ப்பது வேறு. இரண்டில் எது என்று உங்கள் மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள்.

மீண்டும் ஆசிரியரிடம் வருகிறேன். மறுநாள் அவரை அழைத்து, படம் எதுவும் வரையாமல், யோபுவின் கதையைக் கதையாகவே சொன்னேன். இறுதியில் கடவுள் சூறாவளியிலிருந்து பேசுவதையும், ஆளில்லாத பாலையில் பெய்யும் மழையையும் மலையாடு ஈனும் காலத்தையும் காட்டி யோபுவிடம் வரிசையாகக் கேள்விகள் கேட்பதையும் சொன்னேன். நண்பர்கள் பேசியது சரியன்று, யோபு பேசியதே சரி என்று கடவுளே தீர்ப்பளிப்பதையும் சொன்னேன். கண்களை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"துன்பத்துக்குக் காரணம் என்னவென்று யோபுவுக்குக் கடைசி வரை சொல்லவே இல்லையா?"

"இல்லை, ஐயா. படிக்கிற நமக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது."

"அப்படியானால் எழுதியவர் நேர்மையானவர்தான்," என்றார். சிறிது நேரம் கழித்து, "நீங்கள் அன்று சொன்ன பிழை, ஏட்டைப் படியெடுப்பவன் கை தவறி எழுதுவது போன்ற பிழைதானே?" என்று கேட்டார்.

"ஆம், ஐயா. எழுதியவன் தீயவன் என்பதாலன்று. ஏடு நீளமானது; எழுதுவது பலமுறை; அவ்வளவே."

கட்டி மீண்டும் வளர்ந்திருந்ததால் மருந்தை மாற்ற வேண்டியிருந்தது. முதலில் திட்டமிட்டதைவிடக் கடுமையான சிகிச்சை. பகல்நேரச் சிகிச்சைப் பிரிவில் ஒவ்வொரு முறையும் அவரோடு அஞ்சல் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர் வந்தார். நோயைப் பற்றி அவர் ஒருமுறையும் பேசியதாகச் செவிலியருக்கு நினைவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, நாளிதழின் குறுக்கெழுத்துப் புதிரை மடித்து மடியில் வைத்துக்கொள்வார். சொட்டு மருந்து முடிய ஐந்து மணி நேரம் ஆகும். இடையிடையே "மூன்றெழுத்து, நடுவில் ழு" என்பார். கண்ணை மூடிப் படுத்திருக்கும் ஆசிரியர், சில வேளை பத்து நிமிடம் கழித்து விடை சொல்வார். சில வேளை சொல்லமாட்டார். நண்பர் அந்தக் கட்டங்களை வெறுமையாக விட்டுவிட்டு அடுத்ததற்குச் செல்வார்.